ஐந்தாவது எண்

சரிம்புன் முகாமில் இரண்டாம் இரவு.
மழை விட்டும் விடாத நேரம்.
ஜுன் காயின் தூக்கப்பைக்குள்
யாரோ ஒரு டின்பாலைக் கவிழ்த்திருந்தார்கள்.

எறும்புகள் முதலில் வந்தன.
ஒற்றை வரிசை, இடைவெளி பிசகாமல்.
முகாம் முழுக்க அன்று
நான் பார்த்த ஒரே ஒழுங்கு அதுதான்.

பிறகு அலறல்.
பிறகு டார்ச் வெளிச்சங்கள், செருப்பில்லாத கால்கள்,
"மேடம், மேடம்" என்று நாலு பக்கமும்.
அவன் முதுகில் மருந்து தடவும்போது எண்ணினேன்:
இருபத்து மூன்று தடிப்பு.
அதற்குமேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நான் திரும்பி வருவதற்குள்
நீர்நாய் அணியில் மிச்சம் ஐந்து பேரும்
ஜல்லிமேல் விரல்முட்டி ஊன்றித்
தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
எண்ணிக்கொண்டிருந்தவன் ஹஸ்ரில், அணித்தலைவன்,
வயது பதினாறு, குரலுக்கு மட்டும் நாற்பது.
"எழுபத்தொன்று. யாரென்று சொன்னால் நிறுத்துவேன்."
ஒருவனும் சொல்லவில்லை.

எந்தக் குற்றத்தை முதலில் எடுப்பது?
டின்பாலையா, ஜல்லியையா,
இல்லை, கூடாரத்துக்குள் மூன்றாம் கோப்பை
மைலோ குடித்துக்கொண்டிருந்த என்னையா?

"ஒருத்தன் செய்ததற்கு ஐந்து பேரா?" என்றேன்.
ஹஸ்ரில் விறைப்பாக நின்றான்.
"எங்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள், மேடம்."
அப்போதும் பொறுப்பில் இருந்தது யார் என்று
அவன் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு,
துருவன் தானாக வந்தான்.
"ஜோக்குதான்லா மேடம்" என்று தொடங்கி
பாதியில் தமிழுக்கு மாறினான்,
மற்றவர்கள் காதில் விழக்கூடாத விஷயம்போல.
ஜுன் காய் அவனை என்னவென்று கூப்பிட்டான் என்பதை மட்டும்
கடைசிவரை சொல்லவில்லை.
"சொன்னால் நீங்களும் கேட்டதாகிவிடும்."

காலையில், பசியாறுவதற்கு முன்பே,
அணித்தலைவர்கள் கூடினார்கள்.
தண்ணீர் டின்களைக் கவிழ்த்து நாற்காலி.
மரியாதை மன்றம் என்று அதற்குப் பெயர்.
நான் ஓரத்தில் உட்காரலாம், பேசக்கூடாது.
துருவனுக்கு மூன்று மாதம் கழுத்துத்துண்டு கிடையாது.
நானாக இருந்தால் இரண்டு வாரம் சொல்லியிருப்பேன்.
ஜுன் காய்க்கு?
ஆதாரம் இல்லை என்றான் வெய் செங்.
அப்போது ஹஸ்ரில் கையை உயர்த்தினான்:
"என்னுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள்."
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல்
சற்று நேரம் விழித்தார்கள்.

வார நாட்களில் துவாஸில் சரக்குக் கணக்கு பார்ப்பவள் நான்.
கணக்குப் பிசகினால்
எந்த வரி என்று கண்டுபிடித்துவிடுவேன்.
சம்பவ அறிக்கையோ ஒரே பக்கம்.
'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
'பேசினேன்' என்று எழுதினேன்.
பேசியது அவர்கள்தான்.

வியாழன் இரவு துருவனின் அம்மா அழைத்தார்.
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
"அந்தத் துண்டை மட்டும் அவனே அயர்ன் பண்ணுவான், மேடம்.
வீட்டில் வேறு எதையும் தொடமாட்டான்.
இந்த வாரமும் பண்ணி
மடித்து வைத்திருக்கிறான்."

சனிக்கிழமை. யீஷூன். பள்ளித் திடல்.
எட்டு மணிக்கு அணிகள் எண் சொல்கின்றன.
நீர்நாய்: ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்து, துருவனுடையது.

ஆறாவதாக நிற்கும் ஜுன் காய்
ஓரடி நகர்ந்து 'ஐந்து' என்றால் போதும்,
வரிசை அடைந்துவிடும்.
வாயைத் திறக்காமல் நிற்கிறான்.
பிடிவாதமா, முறைப்பா, வேறு ஏதோவா,
நான் நிற்கும் இடத்திலிருந்து முகம் தெரியவில்லை.

ஹஸ்ரில் என்னைப் பார்க்கிறான்.
நான் வாயிற்பக்கம் பார்க்கிறேன்.

எட்டு மணி நான்கு நிமிடம்.
காவலர் கூண்டைத் தாண்டி ஓடிவரும் காலணிச் சத்தம்.
வெறும் கழுத்து.
பொத்தான் மட்டும் மேல்வரை போட்டிருக்கிறது.
வந்து நின்று, மூச்சு வாங்கியபடி,
"ஐந்து."

அரை நொடிகூட இல்லை, பக்கத்திலிருந்து,
"ஆறு."

என் கையில் வருகைத் தாள்.
தாமதம்.
அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
பேனா மூடியைக் கழற்றுகிறேன்.